நீர்ப்பறவைக்கு வைத்த கேமராவின் முன் ஆறுமணிக்குருவி இறங்கினால்

பாகூரான் (இழையைத் தொடங்கியவர்)

புதுச்சேரி ஊசுடு ஏரிக்கரை, அக்டோபர் இரண்டாம் வாரம், காலை 6:35. க்ராப் சென்சார் (முழு அளவைவிடச் சிறிய சென்சார்) கேமரா, 150-600 லென்ஸ். நத்தைகுத்தி நாரையும் ஆலாவும் பறப்பதை எடுக்க வைத்திருந்த செட்டிங்: ஷட்டர் 1/2000, எஃப் 6.3, ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறனைக் கேமராவே கூட்டிக் குறைப்பது), அதற்கு உச்சவரம்பு 3200. கரைக்கு மறுபுறச் சரிவில், மரநிழலில், சருகுக்கு நடுவே ஒரு பறவை. முதுகு பச்சை, வாலடி நல்ல சிவப்பு, கண் வழியே கறுப்புப் பட்டை, வால் இருக்கிறதா என்று தேட வேண்டிய அளவுக்குக் குட்டை. தூரம் ஏழு மீட்டர் இருக்கும். எடுத்த 9 படமும் கறுத்துப்போய், ஃபோகஸ் பின்னால் இருக்கும் புதரில் போய் நிற்கிறது. லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருந்தது.

மூன்று கேள்வி. இது ஆறுமணிக்குருவிதானே? இப்படித் திடீரென்று வந்தால் கேமராவில் முதலில் எதை மாற்றுவது? கரைப்பாதையில் ஆட்கள் இரண்டு மீட்டர் பக்கத்தில் நடந்து போனபோதும் அது நகரவில்லை. அப்படியென்றால் இன்னும் நெருங்கி எடுத்திருக்கலாமா?

கெடிலக்கரை

ஆறுமணிக்குருவியேதான். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். பச்சை முதுகு, கறுப்புக் கண்பட்டை, சிவந்த வாலடி மூன்றும் ஒன்றாக உள்ள பறவை நம் பக்கத்தில் வேறு இல்லை. எழுந்து பறக்கும்போது இறக்கையில் வெள்ளைத் திட்டு தெரியும், தோளில் பளிச்சென்ற நீலம் தெரியும். அதையும் பார்த்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

லென்ஸ் ஓடியதற்கு அநேகமாக ஃபோகஸ் லிமிட்டர்தான் காரணம், அதாவது எந்தத் தூரத்துக்குள் மட்டும் ஃபோகஸ் தேட வேண்டும் என்று லென்ஸுக்குச் சொல்லும் சுவிட்ச். ஏரியில் பறவை தூரத்தில் இருப்பதால் எல்லாரும் அந்தச் சுவிட்சை "10 மீட்டர் முதல் முடிவிலி வரை" என்ற இடத்தில் தள்ளி வைத்துவிடுவார்கள். சிக்மா, டாம்ரான், சோனி லென்ஸ்கள் பலவற்றில் எல்லை 10 மீட்டர். நிக்கான் 200-500-இல் 6 மீட்டர். உங்கள் பறவை ஏழு மீட்டரில் நின்றது. எல்லைக்குள் அது வரவே வராது, லென்ஸ் எவ்வளவு தேடினாலும் பின்னால் உள்ள புதரைத்தான் பிடிக்கும். கிளம்பும் முன்பே லிமிட்டரை முழு வீச்சுக்கு மாற்றி வைத்துவிடுங்கள். நாரைக்கு அதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

வெளிச்சக் கணக்கையும் பார்த்துவிடுவோம். வெயில் நன்றாக விழுந்தபின் தண்ணீர் மேல் பறக்கும் நாரைக்கு 1/2000, எஃப் 6.3, ஐஎஸ்ஓ 400 போதும். அதே நேரத்தில் அடர்ந்த மரநிழலில் வெளிச்சம் சுமார் 7 ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி), அதாவது 128-இல் ஒரு பங்கு. 1/2000-ஐ விடாமல் பிடித்திருந்தால் கேமரா 51200 ஐஎஸ்ஓ கேட்கும். நீங்கள் 3200-இல் பூட்டு போட்டிருக்கிறீர்கள், ஆக படம் குறைந்தது 4 ஸ்டாப் இருட்டு. 6:35-க்கு நிழல் இன்னும் கறுப்பாக இருந்திருக்கும். ரா ஃபைலாக (கேமரா பதப்படுத்தாத மூலக்கோப்பு) இருந்தாலும் அதன் வெளிச்சத்தைத் தூக்கினால் மிஞ்சுவது மணல் மாதிரிப் புள்ளிகள்தான்.

கை போக வேண்டிய வரிசை இது: முதலில் லிமிட்டர். அடுத்து ஷட்டரை 1/250-க்கு இறக்கி நாலைந்து படம், பிறகு 1/125-க்கு. ஐஎஸ்ஓ வரம்பை 6400, தேவைப்பட்டால் 12800 வரை விடுங்கள். ஃபோகஸ் ஒற்றைப் புள்ளி. லிமிட்டர் தவிர மற்றதையெல்லாம் கேமராவின் கஸ்டம் டயலில் "நிழல்" என்று நினைத்துச் சேமித்து வைத்தால் ஒரே திருப்பில் வந்துவிடும். லிமிட்டர் லென்ஸ் மேல் இருக்கும் சுவிட்ச், கஸ்டம் டயல் அதைத் தொடாது. பலர் தவறவிடுவது இங்கேதான்.

வேம்படி

மூன்றாவது கேள்விக்கு என் பதில்: வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இந்தப் பறவை இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் கூடுகட்டும். மழைக்காலம் முடியும்போது தெற்கே கிளம்பி நம் பக்கமும் இலங்கையும் வந்து குளிர்காலம் கழிக்கும். பயணம் இரவில். எடை ஐம்பது, அறுபது கிராம், ஒரு கோழிமுட்டை அளவுதான். புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் கடற்கரை ஊர்களில் விடியற்காலை இறங்கும் பறவை இரவெல்லாம் பறந்து களைத்ததாக இருக்கலாம். அதனால்தான் காட்டில் இருக்க வேண்டிய இது புதுச்சேரி வீட்டுக் கொல்லையிலும், கடலூர்ப் பள்ளிக்கூட மரத்தடியிலும், மாடிப்படிக்குக் கீழேயும் திடீரென்று தென்படுகிறது.

ஆள் இரண்டு மீட்டரில் வந்தும் நகராத ஆறுமணிக்குருவி பழகின பறவை இல்லை. ஒன்று, அசையாமல் நின்றால் கண்ணில் படமாட்டோம் என்று உறைந்து நிற்கிறது. அல்லது பறக்கத் தெம்பில்லை. இரண்டிலும் நெருங்குவது அதற்குக் கேடு. எது என்று கண்டுபிடிக்க வழி உண்டு. சிறகெல்லாம் ஒட்டி, உடல் நிமிர்ந்து, கண் அகலத் திறந்திருந்தால் அது உறைந்து நிற்கும் நிலை. நீங்கள் பின்வாங்கினால் சில நிமிடத்தில் இரைதேட ஆரம்பிக்கும். சிறகை உப்பிக்கொண்டு, கழுத்து உள்ளே போய், கண் பாதி மூடி மூடித் திறந்தால் களைப்பு. அந்தப் பறவையைப் படம் எடுக்காமல் விட்டு, நாயும் பூனையும் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொண்டு, பாதையில் வருபவர்களைச் சற்று ஒதுங்கிப் போகச் சொல்வதுதான் அந்த நேரத்தில் நாம் செய்யக்கூடிய வேலை.

காகத்தையும் கவனியுங்கள். மனிதர்கள் குனிந்து ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் காகம் என்ன என்று பார்க்க வரும். களைத்த ஆறுமணிக்குருவியைக் காகக் கூட்டம் துரத்திக் கொத்தும். நாலு பேர் லென்ஸோடு வளைத்து நிற்பது காகத்துக்கு வழிகாட்டுவது மாதிரி.

மல்லாட்டை

கெடிலக்கரை அண்ணா, ஒரு சந்தேகம். க்ராப் சென்சாரில் 600 என்றால் 900 மில்லிமீட்டர் கணக்கு. 1/125-இல் கையில் பிடித்தால் ஆடாதா? நான் படித்த விதி குவியத்தூரத்துக்குத் தலைகீழ், அதாவது 1/900 வேண்டும் என்கிறது. இன்னொன்று, கேமராவில் பறவைக் கண் கண்டறியும் ஃபோகஸ் இருக்கும்போது ஒற்றைப் புள்ளி எதற்கு?

கெடிலக்கரை

தம்பி, அந்த விதி நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி இல்லாத லென்ஸுக்கு. இன்றைய லென்ஸில் ஸ்டெபிலைசர் உண்டு, அதை ஓடவிடுங்கள். அதோடு தரையில் உட்கார்ந்து, முழங்கைகளை முட்டியில் ஊன்றி, லென்ஸை பீன்பேக் மேல் கிடத்தினால் 1/125 தாராளமாக நிற்கும். பீன்பேக்குக்கு ஒன்றரை, இரண்டு கிலோ அரிசியோ பச்சைப்பயறோ போதும். மணல் போடாதீர்கள், கனமும் அதிகம், தையல் வழியே கசிந்து லென்ஸ் வளையத்துக்குள் போய்விடும். ட்ரைபாட் இந்த வேலைக்குத் தோதில்லை. கால் விரிக்கும் சத்தமே பறவையைக் கிளப்பிவிடும். கரையில் நடந்துகொண்டே எடுப்பவருக்கு மோனோபாட் நல்லது, உட்காரும்போது ஒரு கால்தான் மடக்க வேண்டும்.

மிச்சம் இருப்பது பறவையின் அசைவு. ஆறுமணிக்குருவி நடக்காது, தத்தித் தத்திப் போகும். மூன்று நான்கு தத்தல், பிறகு ஒரு நிறுத்தம். சருகைப் புரட்டும், மண்புழுவையோ பூச்சியையோ எடுக்கும், நிமிர்ந்து ஒரு விநாடி பார்க்கும். அந்த நிமிர்வில்தான் அழுத்த வேண்டும். தத்தும்போது 1/500 கூடப் போதாது, நிமிர்ந்தால் 1/60 கூடத் தேறும். ஒரு நிறுத்தத்துக்கு மூன்று அல்லது நான்கு படத்தைத் தொடர்ந்து எடுக்கும் குட்டி பர்ஸ்ட். முதல் படம் விரல் அழுத்தும் அசைவில் கொஞ்சம் ஆடியிருக்கும், இரண்டாவது மூன்றாவது கூர்மையாக வரும். இருபது முப்பது படம் பொழிவதில் பயன் இல்லை, பஃபர் (கேமராவின் தற்காலிக நினைவகம்) நிரம்பி அடுத்த நிமிர்வு போய்விடும்.

கண் ஃபோகஸ் பற்றி: இந்தப் பறவையின் கண் கறுப்பு, கண்ணைச் சுற்றியிருக்கும் பட்டையும் கறுப்பு. நிழலில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். கேமராவுக்குக் கண் தெரியாது, அது பக்கத்துச் சருகின் ஓட்டையைக் கண் என்று பிடித்துக்கொள்ளும். ஒற்றைப் புள்ளியைக் கறுப்புப் பட்டைக்கு மேலே உள்ள வெளிறிய புருவக் கோட்டின் ஓரத்தில் வையுங்கள். கறுப்பும் வெளுப்பும் சந்திக்கும் இடம் என்பதால் உடனே பூட்டும், கண்ணும் அதே தளத்தில்தான் இருக்கிறது.

இந்தத் துல்லியம் ஏன் முக்கியம் என்றால், 600-இல், எஃப் 6.3-இல், 6 மீட்டர் தூரத்தில் கூர்மையாக விழும் ஆழம் இரண்டரை முதல் மூன்றரை சென்டிமீட்டர். பறவையின் நீளமே 18 சென்டிமீட்டர்தான். மார்பில் ஃபோகஸ் விழுந்தால் கண் மங்கும். பறவை பக்கவாட்டில் திரும்பும் வரை காத்திருந்தால் அலகு, கண், தோளின் நீலம், வாலடிச் சிவப்பு எல்லாம் ஒரே தளத்தில் வரும்.

6 மீட்டருக்குக் கிட்டே போகவும் தேவையில்லை. ஃபுல் ஃப்ரேமில் 600-க்கு அந்தத் தூரத்தில் படத்தின் அகலம் 36 சென்டிமீட்டர், பறவை பாதியை நிறைக்கும். க்ராப் சென்சாரில் 24 சென்டிமீட்டர், முக்கால்வாசி நிறைந்துவிடும். க்ராப்பில் 400 லென்ஸ் வைத்திருப்பவருக்கும் 6 மீட்டரில் பாதி நிறையும். இதைவிட நெருங்கினால் சருகும் வேரும் படத்தில் இருக்காது, எந்த இடத்துப் பறவை என்பதே தெரியாமல் போகும்.

உப்பங்கழி

ஒரு சின்ன விஷயம், கடற்கரை ஊர்க்காரர்களுக்கு மட்டும். இரவு ஏசி அறையில் கேமராவை வைத்துவிட்டு விடியற்காலை வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்கப் பனித்துவிடும். முன் கண்ணாடியைத் துடைக்கலாம், உள்ளே படிந்த ஈரம் தானாகத்தான் போக வேண்டும். கிளம்ப முக்கால் மணி நேரம் முன்னால் கேமராப் பையை, ஜிப்பைத் திறக்காமல், ஏசி இல்லாத அறைக்கு மாற்றிவிடுங்கள். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் பக்கம் போய்வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் லென்ஸ் உடலையும் ட்ரைபாட் காலையும் துடையுங்கள். உப்பு உலர்ந்தபின் துடைத்தால் கீறல் விழும்.

வேம்படி

எங்கே உட்காருவது என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. படம் கிடைப்பதும் கிடைக்காததும் பாதிக்கு மேல் அதில்தான் இருக்கிறது.

ஆறுமணிக்குருவியைப் பின்தொடர்ந்தால் அது புதர் புதராக விலகிக்கொண்டே போகும். கடைசியில் தாழ்ந்த கிளையில் எழும்பி உட்காரும், பிறகு காணாமல் போகும். பறவை எந்தத் திசையில் தத்துகிறது என்று பார்த்துவிட்டு அதன் வழியை மறிக்காத பக்கத்தில், எட்டு பத்து மீட்டர் தள்ளி, ஒரு மரத்தையோ கிளுவை வேலியையோ முதுகுக்கு வைத்து உட்காருங்கள். நின்ற உருவம்தான் அதை விரட்டும். உட்கார்ந்த உருவம் அசையாமல் இருந்தால் பொருட்படுத்தாது. இரைதேடும் சருகுப் பரப்பை விட்டு அது லேசில் போகாது. கலைந்து போனாலும் பத்து இருபது நிமிடத்தில் அதே பரப்புக்குத் திரும்பும். அந்த இருபது நிமிடம் உட்காரப் பொறுமை இல்லாதவர்கள்தான் புதருக்குள் நுழைகிறார்கள்.

இடம் தேர்வதற்கு: மேலே அடர்ந்த நிழல், கீழே ஈரம் காயாத சருகு, ஒளிய ஒரு புதர். ஏரிக்கரைச் சரிவு, முந்திரித் தோப்பின் ஓரம், பழைய மாந்தோப்பு, கோயில் நந்தவனம், மூங்கில் புதர் இவையெல்லாம் தோது. சவுக்குத் தோப்பில் தரையெல்லாம் ஊசிச்சருகு, அதைப் புரட்டி இரை தேடுவது கஷ்டம். அங்கே இறங்கினாலும் பெரும்பாலும் ஓய்வுக்குத்தான் இறங்கியிருக்கும்.

சருகில் சத்தம் கேட்டாலே ஆறுமணிக்குருவி என்று நினைக்க வேண்டாம். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக அடிக்கும் சத்தம் தொடர்ந்து வரும், கூடவே கீச்சும் இருக்கும். ஆறுமணிக்குருவியின் சருகுச் சத்தம் விட்டு விட்டு வரும். செந்தலைப் பூங்குருவியும் இதே மாதிரித் தனியாகப் புரட்டும், தலையும் மார்பும் செம்மஞ்சள். கொடிக்கால் வாலாட்டியும் இதே நிழலில்தான் இருக்கும். அது வாலைப் பக்கவாட்டில் ஆட்டும், மார்பில் இரட்டைக் கறுப்பு வளையம் உண்டு. ஆறுமணிக்குருவியைத் தேடிப் போய் அது கிடைக்காதபோது இந்த இரண்டையும் பார்த்தால் அந்தக் காலை வீணில்லை.

பறவைக்கு நம்மால் தொந்தரவு என்பதற்கு அடையாளம்: இரைதேடல் நின்றுவிடும், முதுகைத் திருப்பிக்கொண்டு தத்தி விலகும், இறக்கையைச் சட்டென்று விரித்து மடக்கும். குட்டை வாலை மெதுவாக மேலும் கீழும் அசைப்பது அதன் வழக்கம், அதைப் பயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இரைதேடல் நின்று ஐந்து நிமிடம் ஆகியும் மீண்டும் தொடங்கவில்லை என்றால் எழுந்து போய்விடுங்கள்.

மல்லாட்டை

அக்கா, ரொம்பப் பயனுள்ள விவரம். இரண்டு கேள்வி. பறவை புதரை விட்டு வெளியே வரவில்லை என்றால் கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டால் வரும் என்கிறார்களே? அப்புறம், பாகூரான் அண்ணா அந்த இடத்தை வரைபடத்தில் குறித்துப் போட்டால் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலைந்து பேர் போகலாம்.

உப்பங்கழி

குரல் போட்டால் வரும், உண்மைதான். ஏன் வருகிறது என்பதைப் பாருங்கள். குளிர்காலத்திலும் இந்தப் பறவை தன் இரைப்பரப்பை இன்னொரு ஆறுமணிக்குருவியிடமிருந்து காத்துக்கொள்ளும். காலையிலும் மாலையிலும் அது கூப்பிடுவதில் பாதி "இது என் இடம்" என்ற அறிவிப்பு. அந்தக் குரலையே நாம் ஒலிக்கவிட்டால் போட்டிக்கு ஒருவன் வந்துவிட்டான் என்று இரையை விட்டுவிட்டுத் தேடி அலையும். அது புதிதாக இறங்கிய பறவையாக இருந்தால் இழந்த உடம்பைத் தேற்ற வேண்டிய நாளில் இந்த அலைச்சல். ஒலிபெருக்கிக்கு வந்த பறவையின் படத்தைப் பார்த்தால் தெரியும், நிமிர்ந்து விறைத்து நிற்கும், வாயில் புழு இருக்காது.

அதற்குப் பதில் நேரத்தைப் பயன்படுத்துங்கள். பெயரே சொல்கிறது, ஆறுமணி. அக்டோபர் நடுவில் புதுச்சேரியில் சூரியன் எழுவது ஏறக்குறைய 6 மணிக்கு. டிசம்பர் கடைசியில் 6:25-ஐத் தாண்டிவிடும், பறவையின் கடிகாரமும் அதோடு நகரும். இரண்டு சுருதி கொண்ட தெளிவான சீழ்க்கை, முதல் சுருதி ஏறும், இரண்டாவது இறங்கும். விடியலில் சில நிமிடம் விடாமல் கேட்கும், பிறகு நின்றுவிடும். கேட்ட திசையை மனதில் வைத்து, வெளிச்சம் வந்தபின் அந்தப் பக்கத்தில் உட்காருங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவும் செய்யுங்கள். ஏரோப்ளேன் மோடில் போட்டு, கையை அசைக்காமல் அரை நிமிடம், கடைசியில் மெல்லிய குரலில் தேதி, நேரம், ஊர் சொல்லி முடித்தால் போதும். படம் கிடைக்காத நாளில் இ-பேர்டில் (பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளம்) ஏற்ற அந்தப் பதிவே சான்று.

இடக்குறிப்புக்கு நான் எதிர்ப்பு. நாலைந்து பேர் என்பது அடுத்த வாரம் நாற்பது பேர் ஆகும்.

மல்லாட்டை

ஒலிக்கவிடுவது பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், செய்யமாட்டேன். ஆனால் இடம் பற்றி உடன்பாடில்லை. 150-600 லென்ஸும் காரும் வைத்திருப்பவர்களுக்குள் மட்டும் இடம் பரிமாறப்படுகிறது. புதிதாக வரும் பையன்களுக்கு யாரும் சொல்வதில்லை. புதுச்சேரி தாவரவியல் பூங்கா 1826-இல் தொடங்கியது, சீட்டு வாங்கி யார் வேண்டுமானாலும் போகிற இடம். அங்கே ஒரு ஆறுமணிக்குருவி இருந்தால் அதையும் மறைப்பீர்களா? பறவையைப் பார்த்தவன்தானே நாளைக்கு அந்த மரத்தை வெட்டாதே என்று கேட்பான்?

வேம்படி

தம்பி கேட்பதில் நியாயம் இருக்கிறது. இடத்தைப் பொறுத்துப் பிரித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

பூங்காவில் நடைபாதை உண்டு, காவலர் உண்டு, மக்கள் பாதையிலேயே நிற்பார்கள், பறவையும் தினம் ஆளைப் பார்த்துக்கொண்டேதான் இரைதேடுகிறது. அங்கே பூங்காவின் பெயர் வரை சொல்லலாம், எந்தப் புதர் என்று சொல்லத் தேவையில்லை. தேடிக் கண்டுபிடிப்பதில்தான் புதியவர் கற்றுக்கொள்வார். தனியார் தோப்பு என்றால் சொல்லவே கூடாது. உரிமையாளர் ஒருவருக்கு அனுமதி கொடுத்திருப்பார். பத்துப் பேர் வேலி தாண்டினால் அவர் கோபத்தில் புதரையே சுத்தம் செய்துவிடுவார். ஏரிக்கரை நடுவாந்திரம். ஊசுடு பறவைகள் சரணாலயம், புதுச்சேரிப் பக்கம் 2008-இல் அறிவித்தது, மறுபாதி தமிழ்நாட்டில் இருக்கிறது. கரையின் பாதையை விட்டு இறங்குவதற்கும் பெரிய கேமராவுக்கும் அந்தந்தப் பக்கத்து வனத்துறையிடம் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏரியின் பெயர் சொல்லலாம், எந்த மதகு, எந்த மரம் என்பது வேண்டாம்.

இன்னொரு வகையிலும் இடம் வெளியே போகும். கைப்பேசியில் எடுத்த படத்துக்குள் இடக்குறிப்பு பதிந்திருக்கும். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். கூடு கட்டும் பறவை என்றால் இதில் இரட்டைக் கவனம் வேண்டும். செம்மண் ஓடைகளின் சரிவில் கொம்பன் ஆந்தை முட்டை வைத்திருப்பது தெரிந்தால் மாவட்டம் என்பதற்கு மேல் ஒரு சொல் கூடப் பொதுவில் எழுதக்கூடாது. ஆறுமணிக்குருவி இங்கே கூடு கட்டுவதில்லை, அதனால்தான் இவ்வளவு விட்டுக்கொடுக்கிறேன்.

உப்பங்கழி

வேம்படி சொன்ன பிரிப்பு சரி. பூங்கா விஷயத்தில் என் எதிர்ப்பை எடுத்துக்கொள்கிறேன்.

செம்மண்மேடு

படம் எடுத்த பிறகு வரும் சிக்கல் பற்றி. இலைக்கூரையின் வழியே வரும் வெளிச்சம் பச்சை. ஆட்டோ வெள்ளைச் சமநிலையில் பறவையின் மஞ்சள்பழுப்பு மார்பு பாசி பிடித்த மாதிரி வரும். ரா ஃபைலில் பச்சையிலிருந்து மஜெந்தா பக்கம் கொஞ்சமாக நகர்த்துங்கள், தொண்டையின் வெள்ளை வெள்ளையாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். தொண்டை வெள்ளை இருப்பதால் நல்ல அளவுகோல் கையில் இருக்கிறது, கண்ணை நம்ப வேண்டியதில்லை.

கடலூர்க் கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண்ணில் எடுத்தால் இதற்கு நேர்மாறு. தரையிலிருந்து எழும் சிவந்த வெளிச்சம் வயிற்றில் விழுந்து, வாலடிச் சிவப்பு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. முழுப்படத்துக்கும் நிறம் மாற்றினால் முதுகுப் பச்சை கெட்டுவிடும். வயிற்றுக்கு மட்டும் மாஸ்க் போட்டு மாற்றுங்கள். வாலடிச் சிவப்பில் சாச்சுரேஷன் ஏற்றாதீர்கள். சிவப்புச் சேனல் தனியாக முட்டிவிட்டால் இறகு வரியெல்லாம் அழிந்து ஒரே குங்குமத் தீற்றலாக நிற்கும். ஹிஸ்டகிராமை (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) மூன்று நிறமாகப் பிரித்துப் பார்த்தால் இது முன்பே தெரியும்.

எடுக்கும்போதே ஒரு எச்சரிக்கை: கறுத்த சருகு படத்தில் முக்கால் பங்கு இருப்பதால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் வரை குறைத்து வையுங்கள். இலை இடுக்கில் விழும் வெயில் பொட்டுக்குள் பறவை நிற்கும்போது அழுத்த வேண்டாம். அந்தப் பொட்டு நிழலைவிட மூன்று நான்கு ஸ்டாப் அதிகம், புருவமும் தொண்டையும் வெளிறி ஓட்டையாகிவிடும். இரண்டு தத்தல் பொறுத்தால் நிழலுக்கு வந்துவிடும். ஃப்ளாஷ் போடவே வேண்டாம், இருட்டில் பழகிய கண் அது.

பாகூரான்

லிமிட்டர்தான் காரணம். சுவிட்ச் 10 மீட்டரில்தான் இருக்கிறது, பார்த்துவிட்டேன். நன்றி கெடிலக்கரை சார். சிறகு உப்பியிருந்தது, கண்ணும் மூடி மூடித் திறந்தது, ஆக வேம்படி அக்கா சொன்ன களைத்த பறவைதான்.

இன்னொரு கேள்வி. இதே பறவை வீட்டுக் கண்ணாடியில் மோதி விழுந்தால் என்ன செய்வது? இந்த மாதத்தில் அப்படிப் பல இடத்தில் நடக்கிறது.

உப்பங்கழி

நிறைய நடக்கிறது. இரவில் பறந்து வந்து விடியலில் தாழ இறங்கும்போது கண்ணாடியில் தெரியும் மரத்தை நிஜம் என்று நம்பி மோதும். செய்ய வேண்டியது இது.

முதலில் காகத்தையும் பூனையையும் விரட்டுங்கள். ஒரு மெல்லிய துணியை மேலே போட்டு, இறக்கை உடலோடு ஒட்டியிருக்கும்படி, அழுத்தாமல் எடுங்கள். மார்பை இறுக்கினால் மூச்சு நின்றுவிடும், பறவைக்கு நெஞ்சுக்கூடு விரிந்து சுருங்கினால்தான் காற்று. செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி போதும். பக்கத்தில் பென்சில் கனத்தில் ஏழெட்டு ஓட்டை, அடியில் செய்தித்தாளோ பழைய துணியோ. நூல் பிரிந்த துண்டு வேண்டாம், நகம் மாட்டிக்கொள்ளும். கம்பிக் கூண்டு கூடவே கூடாது, முட்டி மோதி நெற்றியையும் இறகையும் புண்ணாக்கிக்கொள்ளும். பெட்டியை மூடி, இருட்டான, சத்தமில்லாத, ஃபேன் காற்று படாத இடத்தில் வைத்து இரண்டு மணி நேரம் தொடாதீர்கள். அரை மணிக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதும், கைப்பேசியில் படம் எடுப்பதும் அதன் பயத்தைக் கூட்டும்.

தண்ணீர் ஊற்றாதீர்கள். பரிவோடு செய்யும் இந்தக் காரியத்தில்தான் பல பறவை சாகிறது. பறவையின் மூச்சுக்குழாயின் திறப்பு நாக்கின் அடிப்பகுதியிலேயே இருக்கிறது, சொட்டு விட்டால் நேராக நுரையீரலுக்குப் போகும். பால், சோறு, ரொட்டி எதுவும் வேண்டாம். இது பூச்சியும் புழுவும் தின்னும் பறவை.

இரண்டு மணி கழித்துப் பெட்டியைப் புதர் உள்ள, காகம் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோய்த் தரையில் வைத்துத் திறந்து, நாலு அடி பின்னால் வந்துவிடுங்கள். தானாக வெளியே வரட்டும், மேலே தூக்கி எறியக் கூடாது. சாயங்காலம் விழுந்த பறவை இருட்டும் முன் தெளியவில்லை என்றால் இரவு பெட்டியிலேயே இருக்கட்டும், விடிந்ததும் விடுங்கள்.

ஒரு இறக்கை மட்டும் தொங்கினால், அலகில் ரத்தம் வந்தால், ஒரு கண் திறக்காமல் இருந்தால், தலை ஒரு பக்கம் சாய்ந்தே நின்றால் உள்காயம். காத்திருக்காமல் வனத்துறைக்குச் சொல்லி, அவர்கள் காட்டும் கால்நடை மருத்துவரிடம் பெட்டியோடு கொடுத்துவிடுங்கள். தேறும் வரை வீட்டில் வளர்க்கிறேன் என்று வைத்துக்கொள்வது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். சட்டம் இருக்கட்டும், புழு தேடித் தினம் கொடுக்க யாராலும் முடியாது. தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஒரே இடத்தில் பல பறவை செத்துக் கிடந்தால் எதையும் தொடாமல் தகவல் மட்டும் சொல்லுங்கள்.

கெடிலக்கரை

மோதாமல் இருக்க: கண்ணாடியின் வெளிப்பக்கத்தில், ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் புள்ளியோ கோடோ ஒட்ட வேண்டும். ஒரு பருந்து ஸ்டிக்கர் நடுவில் ஒட்டினால் பறவை அதைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் மோதும். உள்பக்கம் ஒட்டினால் வெளியே தெரியும் பிரதிபலிப்பு மறையாது. அக்டோபர் முழுக்க மொட்டைமாடி விளக்கையும் மதில் விளக்கையும் பத்து மணிக்கு மேல் அணைத்து வைத்தாலும் குறையும்.

பாகூரான்

கரையோரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் கேட்கிறார். பறவை அவர் தோப்புக்குள்தான் போயிருக்கிறது. அது தங்குவதற்கு அவர் ஏதாவது செய்ய முடியுமா? தண்ணீர்த் தட்டு வைக்கலாமா, புழு போடலாமா?

வேம்படி

இரண்டும் தேவையில்லை. சருகைக் கூட்டாமல் விடச் சொல்லுங்கள். தோப்பு முழுக்க வேண்டாம், அடர்ந்த நிழல் விழும் ஒரு மூலை, இருபது அடிக்கு இருபது அடி, மூன்று நான்கு விரற்கடை உயரத்துக்குச் சருகு கிடந்தால் போதும். மழை பெய்தால் அதற்கடியில் மண்புழுவும் பூச்சியும் தானாக வரும். மழை விட்ட தை, மாசியில் அந்த மூலையில் மட்டும் வாரம் ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர் தெளித்தால் ஈரம் நிற்கும். பூச்சிமருந்து அந்தப் பக்கம் அடிக்கக் கூடாது. குவித்துக் கொளுத்துவதைச் சித்திரை முடியும் வரை தள்ளிப்போடச் சொல்லுங்கள், அதற்குள் பறவை வடக்கே கிளம்பிவிடும். தோப்பு நாயைக் காலையிலும் மாலையிலும் கட்டி வைக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.